பிரைடு அண்ட் பிரெஜுடிஸ் (1995): முடிவு தெரிந்த கதைக்காகக் காத்திருந்த ஞாயிறு இரவுகள்

'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' ஜேன் ஆஸ்டின் எழுதிய அதே பெயர் கொண்ட ஆங்கில நாவலைத் தழுவி பிபிசி தயாரித்த ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடர். பெயரைத் தமிழில் 'பெருமிதமும் தப்பெண்ணமும்' எனச் சொல்லலாம். 1995 செப்டம்பர் 24 முதல் அக்டோபர் 29 வரை ஞாயிறுதோறும் இரவில் இது பிரிட்டனில் ஒளிபரப்பானது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ், தயாரிப்பு சூ பர்ட்விசில், இயக்கம் சைமன் லாங்டன். எலிசபெத் பென்னட்டாக ஜெனிஃபர் ஈலியும் டார்சியாகக் காலின் ஃபர்த்தும் நடித்தனர்.

ஒவ்வொரு வாரமும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இத்தொடரைப் பார்த்தனர். கடைசிப் பகுதி ஒளிபரப்பாவதற்கு முன்பே வீடியோ கேசட் கடைகளுக்கு வந்துவிட்டது. முதல் தவணையாக வந்த 12,000 பிரதிகளும் இரண்டு மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. அடுத்த ஞாயிறு இலவசமாகவே பார்க்கக்கூடிய ஒரு முடிவை, அதுவும் 182 ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு முடிவை, மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். எலிசபெத் டார்சியைத்தான் மணப்பாள் என்பதை அறியாமல் அந்தக் கடைகளுக்குப் போனவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

மகாபாரதம் முழுவதும் தெரிந்திருந்தும் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்ப்பவர்களுக்கு இதில் புதுமை இல்லை. தெரிந்த கதையை எப்படி நிகழ்த்துகிறார்கள் என்பதில்தான் சுவை. 1995ஆம் ஆண்டுத் தொடர் ஆஸ்டினின் கதையை நிகழ்த்திய விதம் நாவலின் சில பகுதிகளைக் கூர்மையாக்கியது, ஒரு முக்கியமான பகுதியைக் கைவிட்டது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தத் தொடர் தந்த இன்பம்.

நாவலின் கணக்குப் புத்தகம்

ஆஸ்டின் 1775 டிசம்பர் 16 அன்று இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள ஸ்டீவன்டன் என்ற ஊரில் ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்தார். இந்த நாவலின் முதல் வடிவத்தை 1796–97இல், இருபத்தொரு வயதுக்குள் எழுதி முடித்துவிட்டார். அப்போது அதன் பெயர் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்', அதாவது முதற்பார்வையில் மனத்தில் பதியும் எண்ணங்கள். தந்தை ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். கையெழுத்துப் பிரதியைப் பார்க்கக்கூட விரும்பாமல் அவர் மறுத்துவிட்டார். பிறகு பல ஆண்டுகள் கழித்துத் திருத்தி எழுதப்பட்டு, 1813 ஜனவரி 28 அன்று மூன்று தொகுதிகளாக நாவல் வெளிவந்தது. அட்டையில் ஆஸ்டினின் பெயர் இல்லை. முந்தைய நாவலான 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் ஆசிரியர் எழுதியது என்று மட்டுமே இருந்தது. பதிப்புரிமையை 110 பவுனுக்கு அவர் விற்றுவிட்டார். 150 பவுன் கிடைக்கும் என எதிர்பார்த்திருந்தார்.

பணத்தை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. இந்தக் காதல் கதையில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரு தொகையோடுதான் அறிமுகமாகிறார்கள். டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுன். அவருடைய நண்பர் பிங்லிக்கு 4,000 அல்லது 5,000. எலிசபெத்தின் தந்தை பென்னட்டுக்கு 2,000. இந்த 2,000 பவுன் வசதியான வாழ்க்கைக்குப் போதுமானதே. ஆனால் அந்த வருமானத்தைத் தரும் நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போக வேண்டும் என்று கட்டப்பட்ட சொத்து. பென்னட்டுக்கு ஐந்தும் பெண்கள். அவர் கண்ணை மூடிய மறுநாள் வீடு, தோட்டம், நிலம் எல்லாம் தூரத்து உறவினரான காலின்ஸ் என்ற மதகுருவுக்குப் போய்விடும். மனைவியும் மகள்களும் தெருவுக்கு வர வேண்டியதுதான். மகன் பிறப்பான், அவன் வயதுக்கு வந்ததும் இந்தக் கட்டை உடைத்துவிடலாம் என்று நம்பிய பென்னட் பணம் சேர்க்கவும் இல்லை.

எனவே, மகள்களுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் பென்னட்டின் மனைவி நாவலில் கேலிக்குரியவராக வந்தாலும், அந்த வீட்டில் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படும் ஒரே ஆள் அவர்தான். அறிவாளியான கணவர் நூலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறார், மனைவியைக் கிண்டல் செய்கிறார். நடிகை அலிசன் ஸ்டெட்மன் இந்தத் தாயை உச்சக் குரலில், எரிச்சலூட்டும் அளவுக்கு நடித்தார். அது மிகை என்று அப்போதே பலர் குறைசொன்னார்கள். ஆனால் அந்தக் கூச்சலுக்கு அடியில் இருக்கும் பயம் உண்மையானது. கத்தும் தாயை வெறுத்து, நகைச்சுவையாகப் பேசும் தந்தையை ரசிக்கும் பார்வையாளர், லிடியா விக்கமோடு ஓடிப்போன பிறகுதான் யாரால் குடும்பம் இந்த நிலைக்கு வந்தது என்று யோசிக்கத் தொடங்குகிறார். இந்தத் திருப்பத்தைத் தொடர் நன்றாகவே கையாண்டது. பெஞ்சமின் விட்ரோ நடித்த தந்தையின் முகத்தில், மகளைத் தேடி லண்டன் சென்று வெறுங்கையோடு திரும்பும் காட்சியில், கிண்டல் முழுவதும் வற்றிப்போயிருக்கும்.

எலிசபெத்தின் தோழி ஷார்லட் லூகஸின் பகுதியும் அப்படியே. அவளுக்கு வயது 27, அழகில்லை, பணமில்லை. எலிசபெத் மறுத்த காலின்ஸை அவள் மூன்றே நாளில் ஏற்றுக்கொள்கிறாள். காலின்ஸாக நடித்த டேவிட் பேம்பர் எண்ணெய் தேய்த்த தலையும் கூழைக் கும்பிடுமாக வந்து சிரிக்க வைக்கிறார். பிறகு எலிசபெத் அவர்கள் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறாள். கணவர் தோட்ட வேலையிலும் தன் அறையிலும் நேரம் கழிக்கும்படி தான் ஊக்குவிப்பதையும், ஒரு நாளில் இருவரும் சில நிமிடங்களே சேர்ந்திருக்க நேர்வதையும் ஷார்லட் அமைதியாக விளக்குகிறாள். நாவலில் ஆசிரியர் கூற்றாக ஓரிரு வரிகளில் வருவதைத் தொடர் இரு தோழிகளின் உரையாடலாக்கியது. லூசி ஸ்காட் இதைச் சிறிதும் அழாமல் நடித்தார். எலிசபெத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. தொடரின் சிறந்த காட்சிகளைப் பட்டியலிடுவோர் இதைக் குறிப்பிடுவது அரிது, ஆனால் காதலுக்காகக் காத்திருக்க எலிசபெத் எவ்வளவு பெரிய ஆபத்தை ஏற்கிறாள் என்பதை இந்தச் சில நிமிடங்களே சொல்கின்றன.

ஸ்டூடியோவுக்கு வெளியே

செவ்விலக்கிய நாவல்களைத் தொடராக்கி ஞாயிறு இரவில் ஒளிபரப்புவது பிபிசியின் பழைய வழக்கம். 1967இல் 26 பகுதிகளாக வந்த 'ஃபோர்சைட் சாகா', மறு ஆண்டு ஞாயிறு இரவுகளில் மறு ஒளிபரப்பானபோது சில தேவாலயங்கள் மாலை வழிபாட்டு நேரத்தையே மாற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆஸ்டினின் இந்த நாவலையும் பிபிசி பலமுறை எடுத்திருந்தது. 1938இல் நேரடி ஒளிபரப்பாக ஒரு குறுவடிவம் வந்தது. 1952, 1967 ஆண்டுகளில் தொடர்கள் வந்தன. 1980இல் எழுத்தாளர் ஃபே வெல்டனின் திரைக்கதையில் ஐந்து பகுதிகள் வந்தன. இதற்கிடையே 1940இல் ஹாலிவுட் எடுத்த திரைப்படத்தில் லாரன்ஸ் ஒலிவியே டார்சியாக நடித்தார். அதன் திரைக்கதையில் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் பங்கும் உண்டு. அந்தப் படத்தில் பெண்கள் அணிந்திருந்த குடை போன்ற பாவாடைகள் ஆஸ்டின் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வந்த மோஸ்தர்.

பழைய பிபிசித் தொடர்களில் பெரும்பாலான காட்சிகள் ஸ்டூடியோ அரங்குகளில் வீடியோவில் பதிவாயின. வசனம் நன்றாகக் கேட்கும், நடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் யாரும் ஓட முடியாது. 1986 இறுதியிலேயே பர்ட்விசிலும் டேவிஸும் இந்த நாவலை எடுக்க முடிவு செய்திருந்தனர். அவர்களுடைய எண்ணம் வேறாக இருந்தது. இது இருபது வயதுப் பெண்ணின் கதை. அவள் மூன்று மைல் சேற்றில் நடந்துபோய் நோயுற்ற அக்காளைப் பார்க்கிறவள். அவளை நாற்காலியில் உட்கார வைத்துப் பேச வைத்தால் கதையில் பாதி போய்விடும். எனவே தொடர் முழுவதும் ஃபிலிமில், உண்மையான வீடுகளிலும் வெளிகளிலும் எடுக்கப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏ அண்ட் ஈ செலவில் பங்கேற்றது. ஒரு பகுதிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் பவுன் செலவானது. படப்பிடிப்பு 1994 ஜூன் முதல் நவம்பர் 1 வரை நடந்தது.

வில்ட்ஷயரில் உள்ள லேகாக் என்ற பழைய கிராமம் கதையின் மெரிட்டன் ஊராக மாறியது. லிங்கன்ஷயரின் பெல்டன் மாளிகை, லேடி கேத்தரினின் ரோஸிங்ஸ் ஆனது. டார்சியின் பெம்பர்லி மாளிகைக்கு மட்டும் இரண்டு வீடுகள் தேவைப்பட்டன. வெளித்தோற்றம் செஷயரில் உள்ள லைம் பார்க், உட்புறம் டெர்பிஷயரின் சட்பரி ஹால். ஆகவே எலிசபெத் பெம்பர்லியின் வாசலில் நுழைவது ஒரு மாவட்டத்தில், உள்ளே நின்று டார்சியின் ஓவியத்தைப் பார்ப்பது இன்னொரு மாவட்டத்தில். பார்ப்பவருக்கு அது தெரியாது.

எலிசபெத்தின் கண்கள்

நாவல் பென்னட் தம்பதியின் உரையாடலோடு தொடங்குகிறது. தொடர் குதிரைகளோடு தொடங்குகிறது. பிங்லியும் டார்சியும் வயல்வெளியில் நெதர்ஃபீல்ட் மாளிகையை நோக்கிக் குதிரையில் பாய்ந்து வருகிறார்கள், வாடகைக்கு எடுக்கலாமா என்று நின்று பார்க்கிறார்கள். குன்றின் மேலிருந்து ஒரு பெண் அவர்களைப் பார்த்துவிட்டு, சிரித்தபடி சரிவில் இறங்கி ஓடுகிறாள். அவள்தான் எலிசபெத். ஆண்கள் வீட்டை மதிப்பிடுகிறார்கள், அவள் அவர்களை மதிப்பிடுகிறாள். இந்தத் தொடக்கத்தில் டேவிஸ் தன் திட்டம் முழுவதையும் சொல்லிவிட்டார் எனலாம்.

திரைப்படங்களில் பொதுவாகப் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண். இந்தத் தொடரில் பார்க்கப்படுபவர் டார்சி. அவர் குளிக்கிறார், வாள்வீச்சுப் பயிற்சி செய்கிறார், ஜன்னலில் நின்று நாயோடு விளையாடும் எலிசபெத்தைப் பார்க்கிறார், இரவில் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டு கடிதம் எழுதுகிறார். இவற்றில் பெரும்பாலானவை நாவலில் இல்லை. ஆஸ்டினின் நாவல் ஏறக்குறைய முழுவதும் பெண்கள் இருக்கும் இடத்திலேயே நிற்கிறது. ஆண்கள் அறையை விட்டு வெளியேறினால் கதையும் அவர்களைப் பின்தொடராது. டேவிஸ் அவர்களைப் பின்தொடர்ந்தார். அறையில் கல்லாக நிற்கும் ஒரு மனிதன் தனியே இருக்கும்போது என்ன ஆகிறான் என்று காட்டினார்.

ஃபர்த் இதற்கு ஏற்ற நடிகர். பேசாமல் நிற்பதையே நடிப்பாக்கத் தெரிந்தவர். நெதர்ஃபீல்ட் நடன விருந்தில் எலிசபெத்தும் டார்சியும் ஆடும் நடனம் 1690களில் அச்சான பழைய நடனம். கதை நடக்கும் காலத்துக்கு அது சற்றுப் பழையதுதான். ஆனால் மெதுவாக நகரும் அந்த நடனத்தில் இருவரும் நெருங்குவதற்கும் விலகுவதற்கும் இடையே ஒரு வாக்கியம் பேச நேரம் கிடைக்கிறது. சண்டையும் நடனமும் ஒன்றாக நடக்கின்றன. கால வழுவைச் சுட்டிக்காட்டும் நடன வரலாற்றாளர்கள் சொல்வது சரி, ஆனால் வேகமான நடனத்தை வைத்திருந்தால் காட்சியே இருந்திருக்காது. கார்ல் டேவிஸின் இசையும் இங்கே சொல்லத்தக்கது. பெத்தோவன் காலத்துப் பாணியில், அக்காலப் பியானோவான ஃபோர்டேபியானோவை முன்னிறுத்தி அவர் இசையமைத்தார்.

நாவலுக்கு இணையாக நிற்கும் டேவிஸின் புதுக் காட்சி ஒன்று பெம்பர்லியின் இசை அறையில் வருகிறது. டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசிக்கிறாள். பிங்லியின் தங்கை கரோலின் வேண்டுமென்றே விக்கமின் பெயரை எடுக்கிறாள். விக்கமால் ஏமாற்றப்பட இருந்த ஜார்ஜியானா தடுமாறுகிறாள். எலிசபெத் சட்டென்று அருகில் போய்ப் பக்கம் புரட்ட உதவுவதுபோல நின்று அவளைக் காப்பாற்றுகிறாள். அறையின் மறுபுறமிருந்து டார்சி எலிசபெத்தைப் பார்க்கிறார். அவளும் பார்க்கிறாள். சில விநாடிகள் யாரும் பேசுவதில்லை. நாவலில் எலிசபெத் இந்தத் தாக்குதலை ஒரு பகல் நேரச் சந்திப்பில் அமைதியாகச் சமாளிக்கிறாள். அந்த இடத்தில் டார்சியின் மனநிலையை ஆஸ்டின் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். தொடர் அதை ஒரு பார்வையாக நீட்டியது. ரசிகர்கள் பலர் குளத்துக் காட்சியைவிட இதையே உயர்வாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

யாரும் பார்க்காத காட்சி

குளத்துக் காட்சியைத் தவிர்த்து இந்தத் தொடரைப் பற்றி எழுத முடியாது. நான்காம் பகுதியில், வெயிலில் குதிரை ஓட்டிவந்த டார்சி தன் தோட்டத்துக் குளத்தில் குதிக்கிறார். நனைந்த சட்டையோடு நடந்து வரும்போது, சுற்றிப் பார்க்க வந்த எலிசபெத் எதிரே நிற்கிறாள். நாவலில் குளமும் இல்லை, ஈரச் சட்டையும் இல்லை. குதிரை லாயத்துப் பக்கமிருந்து வரும் டார்சி அவளைப் பார்த்துத் திகைக்கிறார், இருவர் முகமும் சிவக்கின்றன, அவ்வளவே.

அக்கால ஆண்கள் ஆடையின்றி நீந்துவது வழக்கம் என்பதால் அப்படியே எடுக்கலாம் என்பது டேவிஸின் முதல் எண்ணம். அது நடக்காததால்தான் சட்டை வந்தது. எலிக்காய்ச்சல் வரக்கூடும் என்ற அச்சத்தால் ஃபர்த்தைக் குளத்தில் இறக்கவில்லை. குதித்தவர் சண்டைக் கலைஞர் ஒருவர். நீருக்கடியில் வரும் சில விநாடிகளை மட்டும் லண்டனின் ஈலிங் ஸ்டூடியோவில் ஒரு தொட்டியில் ஃபர்த்தை வைத்து எடுத்தனர்.

வேடிக்கை என்னவென்றால், டார்சி குளத்திலிருந்து எழுந்து வருவது தொடரில் எங்குமே இல்லை. அவர் குதிக்கிறார், நீருக்குள் தெரிகிறார், காட்சி எலிசபெத்துக்கு மாறுகிறது, பிறகு அவர் புல்வெளியில் நடந்து வருகிறார். ஆனால் பார்த்தவர்கள் பலரின் நினைவில் அவர் தண்ணீரிலிருந்து எழுகிறார். 2013இல் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையின் விளம்பரத்துக்காக லண்டன் ஹைட் பார்க் ஏரியில் 12 அடி உயர டார்சி சிலை வைக்கப்பட்டபோது, அது தண்ணீரிலிருந்து எழும் கோலத்திலேயே இருந்தது. படமாக்கப்படாத காட்சிக்குச் சிலை வைத்தார்கள்.

இந்தப் புகழால் தொடருக்குக் கொஞ்சம் கேடும் உண்டு. ஐந்தரை மணி நேரத் தொடர் ஒரு சட்டையாகச் சுருங்கிவிட்டது. பெண்கள் ஒரு நடிகரைப் பார்த்து மயங்கினார்கள் என்று சிரித்துவிட்டுக் கடந்துபோக அது வசதியாகவும் இருந்தது. ஆனால் அந்தக் காட்சி வேலை செய்வதற்குக் காரணம் உடல் மட்டும் இல்லை. 10,000 பவுன் வருமானமுள்ள நிலக்கிழார் தன் சொந்த நிலத்தில், கோட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாமல், தான் யாரை அவமதித்தாரோ அவள் முன்னால் நிற்கிறார். அவளுடைய பெற்றோர் நலமா என்று கேட்கிறார், பதில் வந்ததும் மறந்துவிட்டு மறுபடியும் அதையே கேட்கிறார். பெருமிதம் கழன்று விழுந்ததை நாவல் சிவந்த முகத்தால் சொன்னது, தொடர் சொட்டும் சட்டையால் சொன்னது. டேவிஸ் அதில் நகைச்சுவையைத்தான் முதன்மையாக நினைத்தார் என்பதை ஈலியின் முகத்தைப் பார்த்தாலே ஊகிக்கலாம்.

கைவிடப்பட்டது

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. நாவலின் பழைய பெயர் இங்கே உதவும். முதற்பார்வையில் பதிந்த எண்ணம் தவறாகப் போவதுதான் கதை. எலிசபெத் கூர்மையானவள், தன் கூர்மையில் நம்பிக்கை உள்ளவள். முதல் விருந்திலேயே தன்னை இழிவாகப் பேசிய டார்சியை வெறுக்கிறாள், இனிமையாகப் பேசும் விக்கமை நம்புகிறாள். அவள் கண்ணாலேயே எல்லாவற்றையும் பார்க்கும் வாசகரும் அவ்வாறே செய்கிறார். டார்சியின் ஈர்ப்பை ஆசிரியர் இடையிடையே குறிப்பாகச் சொன்னாலும், அவர் எப்படிப்பட்டவர் என்பது மறைந்தே இருக்கிறது. ஹன்ஸ்ஃபோர்டில் அவருடைய நீண்ட கடிதம் வரும்போது எலிசபெத் அதை முதலில் நம்ப மறுத்து, திரும்பத் திரும்பப் படித்து, விக்கம் சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தி, தான் எங்கே தவறினாள் என்று கண்டுபிடிக்கிறாள். வாசகரும் பக்கங்களைத் திருப்பித் தன் தவற்றைக் கண்டுபிடிக்கிறார். ஆங்கில நாவல் வரலாற்றில் வாசகரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று.

தொடரில் இது நடப்பதில்லை. இரண்டாம் பகுதிக்குள்ளேயே டார்சி ஜன்னலில் நின்று ஏங்குவதைப் பார்த்துவிடுகிறோம். அவர் நல்லவர் என்பது நமக்குத் தெரியும், எலிசபெத்துக்குத்தான் தெரியாது. மூன்றாம் பகுதியின் இறுதியில் அவர் மணம் பேசி மறுக்கப்படும்போது நாம் அவள் பக்கம் நிற்பதோடு அவருக்காகவும் வருந்துகிறோம். அவளோடு சேர்ந்து ஏமாறும் அனுபவத்துக்குப் பதிலாக, அவள் உண்மையை அறிவதற்காகக் காத்திருக்கும் அனுபவம் கிடைக்கிறது. வாரம் ஒரு பகுதி என்ற அமைப்பு இந்தக் காத்திருப்பை ஏழு நாட்கள் நீட்டியது. தொலைக்காட்சிக்கு இது மிகப் பொருத்தமான மாற்றம், அந்த ஆறு வாரங்களின் பரபரப்பே இதனால்தான். ஆயினும் நாவல் கேட்ட கடினமான கேள்வி, 'உன் மதிப்பீட்டை நீ எதனால் நம்பினாய்?' என்பது, பார்வையாளரை நோக்கிக் கேட்கப்படவே இல்லை. தொடரை மட்டும் பார்த்துவிட்டு நாவலைப் படித்ததாக எண்ணும் மாணவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

மஸ்லின் துணியும் மாளிகைகளும்

இவ்வகைத் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் 'காஸ்ட்யூம் டிராமா' என்று பெயர். உடையே பெயரில் இருப்பதால் உடையைக் கவனிக்க வேண்டும். ஆடை வடிவமைப்பாளர் டைனா காலின் பென்னட் சகோதரிகளுக்கு வெளிர்நிறப் பருத்தி உடைகளைத் தந்தார். எலிசபெத்துக்கு மண் நிறங்கள். பணக்காரப் பிங்லி சகோதரிகளுக்குப் பளபளக்கும் துணியும் அடர்நிறங்களும். நடன விருந்தில் யார் எத்தனை ஆயிரத்துக்குச் சொந்தக்காரர் என்பது வசனம் இல்லாமலே தெரிந்துவிடும். இந்தப் பணிக்கு அமெரிக்காவின் எம்மி விருது கிடைத்தது. ஈலிக்குச் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

மார்புக்குக் கீழே இறுக்கி, பிறகு நேராக விழும் அந்த மெல்லிய வெள்ளை உடைக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டு. வங்காளத்து மஸ்லின்தான் ஐரோப்பாவில் இந்த மோஸ்தரைச் சாத்தியமாக்கியது. ஆஸ்டினின் 'நார்தாங்கர் அபி' நாவலில் துணி வாங்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் இந்திய மஸ்லினைப் பற்றிப் பேசுகிறான். பென்னட் சகோதரிகளின் காலத்துக்குள் பிரிட்டனின் ஆலைகளே மஸ்லினை மலிவாக நெய்யத் தொடங்கிவிட்டன, வங்காள நெசவாளர்கள் சந்தையை இழந்துகொண்டிருந்தனர். திரையில் காற்றில் அசையும் துணிக்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை ஓடுகிறது.

1990களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ ஹிக்சன் முதலிய திரைப்பட ஆய்வாளர்கள், பிரிட்டனின் வரலாற்றுப் படங்கள் அழகான மாளிகைகளையும் புல்வெளிகளையும் காட்டிக் கடந்தகாலத்தை ஏக்கப் பொருளாக்குகின்றன, மூலநூலில் இருந்த விமர்சனம் அந்த அழகில் மறைந்துபோகிறது என்று வாதிட்டனர். இத்தொடருக்கும் அது ஓரளவு பொருந்தும். மாளிகைகளை நடத்திய வேலைக்காரர்கள் தட்டு ஏந்தி வந்து போகிறார்கள், அவர்களுக்கென்று வாழ்க்கை இல்லை. சேற்றில் நடந்துவந்த எலிசபெத்தின் பாவாடையைத் துவைத்தது யார் என்ற கேள்வியிலிருந்து எழுத்தாளர் ஜோ பேக்கர் 2013இல் 'லாங்போர்ன்' என்ற நாவலையே எழுதினார். லைம் பார்க்குக்குச் சுற்றுலாப் பயணிகள் திரண்டார்கள், டார்சியின் குளம் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் அந்த மாளிகைக்குக் கரி சுமந்தவர்களைத் தேடி வரவில்லை.

எனினும் அழகு விமர்சனத்தை முற்றிலும் மறைத்துவிட்டது என்பதும் சரியில்லை. கடைசிப் பகுதியின் திருமணக் காட்சியில், திருமணம் எதற்காக ஏற்பட்டது என்று மதகுரு வாசித்துக்கொண்டிருக்கும்போது, கேமரா மற்றத் தம்பதிகளின் மேல் போகிறது. கடனை அடைத்து, பணம் கொடுத்து விக்கமின் தலையில் கட்டப்பட்ட லிடியா அதில் வருகிறாள். அவளுக்கு வயது பதினாறு. இரண்டு காதல் திருமணங்களின் மகிழ்ச்சிக்கு நடுவே இதைச் செருகியவர்கள் கடந்தகாலத்தை இனிப்பாக மட்டும் காட்ட நினைத்திருக்க முடியாது.

தொடருக்குப் பின்

1995 ஆஸ்டினின் ஆண்டாகவே அமைந்தது. பிபிசியின் 'பெர்சுவேஷன்', ஆங் லீ இயக்கிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 'எம்மா'வைக் கலிபோர்னியாப் பள்ளிக்கு மாற்றிய 'குளூலெஸ்' ஆகியவை அதே ஆண்டில் வந்தன. லண்டன் நாளிதழ் ஒன்றில் ஹெலன் ஃபீல்டிங் எழுதிய பத்தி 1996இல் 'பிரிட்ஜெட் ஜோன்ஸ் டைரி' நாவலானது. அதன் நாயகி இந்தத் தொடரின் ரசிகை, நாயகனின் பெயர் மார்க் டார்சி. 2001இல் அது திரைப்படமானபோது மார்க் டார்சியாக நடித்தவர் காலின் ஃபர்த்தேதான், திரைக்கதையில் ஆண்ட்ரூ டேவிஸும் இருந்தார். 2005இல் வந்த ஜோ ரைட்டின் திரைப்படத்துக்குத் தனி ரசிகர்கள் உண்டு. இரண்டில் எது சிறந்தது என்ற வாக்குவாதம் ஓயவில்லை. படத்தில் காற்றும் மழையும் அதிகம். தொடரில் ஷார்லட்டுக்கும் காலின்ஸுக்கும் இடம் அதிகம்.

இந்தியாவில் இந்த நாவல் 1985இலேயே தூர்தர்ஷனில் 'திருஷ்ணா' என்ற இந்தித் தொடராக வந்திருந்தது. தமிழில் ஆஸ்டின் வந்தது வேறு நாவலின் வழியாக. ராஜீவ் மேனன் இயக்கிய 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000), 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யைத் தழுவியது. அதில் தாத்தாவின் உயிலால் வீடு மகன் வழிக்குப் போக, தாயும் மகள்களும் சென்னைக்கு வந்து பிழைக்கிறார்கள். மகள்களுக்குச் சொத்தில் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே செய்துவிட்டது. ஆனாலும் பதினோரு ஆண்டுகள் கழித்து, பிறந்த வீட்டை விட்டு வெளியேறும் பெண்களின் காட்சியைத் தமிழ் ரசிகர்கள் விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்டார்கள்.

2017இல் பிரிட்டன் புதிய பத்துப் பவுன் நோட்டில் ஆஸ்டினின் படத்தை அச்சிட்டது. கூடவே அவருடைய நூலிலிருந்து வாசிப்பின் இன்பத்தைப் புகழும் ஒரு வரியும் இருக்கிறது. நாவலில் அதைச் சொல்பவள் கரோலின் பிங்லி. டார்சியைக் கவர்வதற்காக ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படிக்காமல் கொட்டாவி விட்டுவிட்டு அவள் அப்படிச் சொல்கிறாள். நோட்டின் பின்னணியில் தெரிவது ஆஸ்டினின் சொந்த வீடு அன்று. பணக்கார உறவினரின் வாரிசாகிப் பெரும் சொத்துப் பெற்ற அண்ணன் எட்வர்டின் காட்மர்ஷம் மாளிகை அது. 1995ஆம் ஆண்டுத் தொடரில் கரோலினாக நடித்த அன்னா சான்சலர் அந்த எட்வர்டின் வழித்தோன்றல்.